செத்தவர் திரும்பமாட்டார்: ஒரு விளையாட்டு விதியின் வரலாறு

1990 ஏப்ரல் 20ஆம் திகதி ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகொம் பெட்டிக்கு ஒரு கேம் வெளிவந்தது. ஃபயர் எம்ப்ளம் வரிசையில் முதலாவது. கட்டம் போட்ட வரைபடம், அதில் உங்க ஆட்கள், எதிரியின் ஆட்கள், மாறி மாறி நகர்த்தணும். பார்த்தால் சதுரங்கத்தின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் சதுரங்கத்தில் வெட்டுப்பட்ட குதிரைக்குப் பேர் கிடையாது. அடுத்த ஆட்டத்தில் அது மறுபடி தன் கட்டத்தில் வந்து நிற்கும். இந்தக் கேமில் ஒவ்வொரு காய்க்கும் பேர், முகம், ஊர் எல்லாம் உண்டு. செத்தால் அந்த அத்தியாயத்தில் மட்டுமல்ல, கதை முடியும் வரைக்கும் இல்லை.

இந்த விதியைப் போட்டவர் ஷோசோ காகா. ஆட்களை இழந்தபடியே முன்னேறிப்போய், ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு கதையோடு முடிக்கணும் என்பது அவருடைய யோசனை. விளையாடியவர்கள் செய்தது வேறு. ஒரு ஆள் செத்தவுடனே கை நேராக ரீசெட் பட்டனுக்குப் போனது. அத்தியாயம் முதலிலிருந்து. இன்னொரு சாவு, இன்னொரு ரீசெட். செத்தவரைத் திருப்பிக் கொண்டுவர கேமுக்குள்ளேயே ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் கிடைக்கும் ஒரு கோல், இளவரசி எலிஸ் மட்டும் தூக்கலாம், ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு ஆளுக்கு. அந்தக் கோலின் பெயர் 'ஓம்'. (ஆமாம், நம்ம ஓம் தான்.)

இந்தக் கட்டுரை அந்த ரீசெட் பட்டனுக்கும் அந்த விதிக்கும் இடையே முப்பத்தைந்து வருடமாக நடக்கிற இழுபறியைப் பற்றியது. கேம் செய்தவர்களைவிட விளையாடியவர்கள்தான் இதில் பெரிய ஆட்கள். கம்பனி விதியை மெல்ல மெல்லத் தளர்த்த, ரசிகர்கள் தாங்களாகவே அதை இறுக்கிக்கொண்டே போனார்கள்.

தளர்ந்த கதை சின்னது. 2010இல் ஜப்பானில் மட்டும் வந்த ஒரு ஃபயர் எம்ப்ளத்தில் 'கேஷுவல்' முறை வந்தது, செத்தவர் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வருவார். 2012இல் வந்த அவேகனிங் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அது விற்காவிட்டால் வரிசையையே மூடிவிடுவதாக இருந்தார்கள், விற்றது. 2017க்குப் பிறகு வந்தவற்றில் நேரத்தையே பின்னால் சுற்றும் வசதி. ரீசெட் பட்டனை கேமே தன் கையில் எடுத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

இறுக்கிய கதைதான் சுவாரசியம். 'அயன்மேன்' என்று ஒரு சேலஞ்ச் ரன் உண்டு. ரீசெட் கிடையாது, என்ன நடந்தாலும் நடந்ததுதான். எக்ஸ்கொம் கேமின் 2012 பதிப்பு இதை ஒரு முறையாகவே உள்ளே வைத்தது. போக்கிமொனில் பெர்மாடெத் கிடையவே கிடையாது, அடிபட்டால் மயக்கம்தான். ஆனால் 2010இல் நிக் ஃபிராங்கோ என்ற ஒருவர் தான் விளையாடியதைச் சித்திரக்கதையாகப் போட்டார்: மயங்கினால் செத்ததாகக் கணக்கு, ஒவ்வொரு இடத்திலும் முதலில் காணும் பிராணியை மட்டும்தான் பிடிக்கலாம். அதுதான் இன்றைக்கு எல்லாரும் சொல்லும் நஸ்லொக். இல்லாத சாவை ஆட்களே உள்ளே கொண்டுவந்தார்கள். ஏன்? சும்மா கஷ்டப்படவா? இல்லை. எந்தப் பிராணியும் திரும்பி வராது என்றால்தான் அதுக்கு ஒரு பேர் வைக்கத் தோணும். நஸ்லொக்கில் பேர் வைப்பதையும் பலர் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

இன்னும் விசித்திரமான ரன்களும் உண்டு. லெவல் ஏறினாலும் எந்த எண்ணும் கூடாதபடி மாற்றிவைத்து விளையாடுவது. ஆகக் குறைந்த டேர்ன்களில் முடிப்பது. ஃபைனல் ஃபேன்டசி டக்டிக்ஸில் ஐந்து பேரையும் ஒரே தொழிலில் போட்டு, ஐந்து வில்லாளிகளோடு மட்டும் கடைசி வரைக்கும் போவது. அதே கேமில் ஓர்லாண்டோ என்ற கிழட்டு வாள்வீரர் சேர்ந்துவிட்டால் மற்றவர்களுக்கு வேலையே இருக்காது. அதனால் அவரைப் படையில் எடுக்காமலே விளையாடுவதைப் பலர் ஒரு மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

கிழவர்கள் என்றவுடன் ஜேகன் சண்டையைச் சொல்லாமல் விட முடியாது. வரலாறு படிக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை. முதல் ஃபயர் எம்ப்ளத்தில் இளவரசன் மார்த்தோடு ஜேகன் என்ற வயதான குதிரை வீரர் வருவார். ஆரம்பத்தில் எல்லாரையும்விடப் பலசாலி, ஆனால் அதற்குமேல் பெரிதாக வளரமாட்டார். பின்னால் வந்த பல கேம்களிலும் இப்படி ஒருவர் உண்டு. 2003 பதிப்பில் மார்க்கஸ், 2004இல் சேத். ஜப்பானுக்கு வெளியே பலரும் இந்த வரிசைக்குள் நுழைந்தது இந்த இரண்டின் வழியாகத்தான், எமுலேட்டரில் நம்ம ஊர்ப் பிள்ளைகளும்தான். அப்போது எல்லாரும் சொன்ன புத்திமதி ஒன்றே: மார்க்கஸைப் பாவிக்காதே, பிள்ளைகளின் அனுபவப் புள்ளிகளைத் தின்றுவிடுவார். ஒரு ஆள் கடைசியில், லெவல் 20இல் எப்படி இருப்பான் என்பதை வைத்துத்தான் மதிப்புப் போட்டார்கள்.

பிறகு குறைந்த டேர்ன் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: இந்த ஆள் எத்தனை அத்தியாயத்துக்கு இருக்கிறான், ஒரு முறையில் எத்தனை கட்டம் போவான், இன்றைக்கு, இந்த வரைபடத்தில் என்ன செய்கிறான்? அந்தக் கணக்கில் பார்த்தால் மார்க்கஸ் சொக்கத்தங்கம். சேத் அந்தக் கேமிலேயே ஆகச் சிறந்த ஆள், இதில் இப்போது யாரும் வாதாடுவதுகூட இல்லை. கேமில் ஒரு எண்கூட மாறவில்லை, கேள்விதான் மாறியது. முடிவிலிருந்து பின்னோக்கிப் பார்த்து, கடைசியில் வென்றவனுக்கு ஏற்ற மாதிரி மற்ற எல்லாரையும் அளப்பது வரலாறு எழுதுபவர்களின் பழைய வியாதி. முதலாம் வருட விரிவுரையில் அதைப் பற்றி ஒரு மணித்தியாலம் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது மார்க்கஸ்தான்.

டக்டிக்ஸ் கேம்களில் வரலாறு என்பது அலங்காரமும் அல்ல. மேலே சொன்ன ஃபைனல் ஃபேன்டசி டக்டிக்ஸ் 1997இல் வந்தது, 2025 செப்டெம்பரில் புதுப்பித்து மறுபடி விட்டார்கள். அதன் கதையைச் சொல்பவரே ஒரு வரலாற்றாசிரியர். நானூறு வருடத்துக்கு முந்திய போரில் நாட்டைக் காத்தவன் டெலிட்டா என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. ஆனால் திருச்சபை ஒளித்துவைத்த ஒரு ஆவணத்தின்படி எல்லாவற்றையும் செய்தது ராம்ஸா, மதத்துரோகி என்று பேர் அழிக்கப்பட்டவன். அந்த ஆவணத்தை எழுதியவரை உயிரோடு எரித்தார்கள். அவருடைய குடும்பப் பெயர் துராய். மலைநாட்டில் வளர்ந்த எவருக்கும் அதை 'துரை' என்று வாசிக்காமல் இருக்க முடியாது. உண்மையை எழுதி எரிந்துபோன ஒரு துரை என்பது நமக்குக் கொஞ்சம் புதுசுதான்.

அதை எழுதிய யசுமி மட்சுனோ அதற்கு முன்னால், 1995இல், டக்டிக்ஸ் ஓகர் என்ற கேமைச் செய்தார். யூகோஸ்லாவியா உடைந்து இனச்சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. அந்தச் செய்திகளின் பாதிப்பில் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். கதை நடப்பது வலேரியா என்ற தீவுகளில். அரசன் வாரிசில்லாமல் சாகிறான், மூன்று இனங்கள் அடித்துக்கொள்கின்றன. நீங்கள் ஆகச் சின்ன இனமான வாலிஸ்டர் பக்கம். உங்க ஆளின் பெயர் டெனம். முதல் அத்தியாயத்தின் முடிவில் பல்மமூசா என்ற ஊருக்கு உங்களை அனுப்புகிறார்கள். அங்கே எதிரியின் பிடியில் இருக்கும் உங்க இனத்து மக்களைக் கிளர்ச்சிக்குக் கூப்பிடணும். அவர்கள் மறுக்கிறார்கள், களைத்துப்போயிருக்கிறார்கள். அப்போதுதான் உங்க தலைவரின் உண்மையான கட்டளை வெளியே வருகிறது: ஊரில் எல்லாரையும் கொன்றுவிட்டு, எதிரி செய்ததாகச் சொல்லு. அப்போதுதான் மற்ற ஊர்கள் எழும்பும்.

இரண்டு பதில்தான். சரி என்றால் நீங்கள் கொலைகாரன், உங்க சிநேகிதன் வைஸ் உங்களை விட்டுப் போகிறான். மாட்டேன் என்றால் அதே வைஸ் அந்த வேலையைச் செய்கிறான், பழி உங்க மேல் விழுகிறது. எதைச் சொன்னாலும் பல்மமூசா எரியும். ரீசெட் பண்ணிப் பாருங்கள், மறுபடியும் எரியும்.

இந்தக் கேமை நானும் ஹொஸ்டலில் ஒரு சிங்கள நண்பனும் ஒரே நேரத்தில் விளையாடினோம், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். நான் மறுத்தேன், அவன் ஒத்துக்கொண்டான். ஏன்டா என்று கேட்டேன். "நீ மறுத்து என்னத்த மாத்தின?" என்றான். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வாதம் போனது, ஆனால் இரண்டு பேரும் வலேரியாவைப் பற்றி மட்டும் பேசுகிற மாதிரித்தான் பேசினோம். 83 ஜூலையில் கண்டி டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்தது எங்க வீட்டில் சொல்லும் கதை. 1989இல் இதே கெம்பஸில் அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை வைத்தது அவன் வீட்டில் சொல்லும் கதை, செத்தவர்கள் சிங்களப் பிள்ளைகள். தன் பக்கம் என்று சொல்லிக்கொண்டவர்களே தன் ஆட்களைக் கொன்ற கதை இரண்டு பக்கத்திலும் உண்டு. அதை நேராகப் பேச எங்களுக்கு இன்னும் வாய் வரவில்லை. டெனமின் பேரில் பேச வந்தது.

2010இல் பிஎஸ்பிக்கு வந்த பதிப்பில் 'சாரியட்' என்ற ஒரு சீட்டு உண்டு. ஐம்பது நகர்வு வரைக்கும் பின்னால் போகலாம். அதைத் தொடாமல் முடிப்பது பல ரசிகர்களின் சேலஞ்ச் ரன். ஒன்றைக் கவனியுங்கள்: அந்தச் சீட்டு சண்டைக்குள்ளே மட்டும்தான் வேலை செய்யும். பல்மமூசாவின் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் விட்டாலும், விளைவு அதேதான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பேராதனைப் பூங்காவுக்கு எதிரே, மகாவலிக்கு அந்தப் பக்கம் கன்னொருவ. 1638 மார்ச் 28ஆம் திகதி போர்த்துக்கேயரின் படை அழிந்த இடம். கப்டன் ஜெனரல் தியோகோ த மெலோ கண்டிக்குள் வந்தபோது நகரம் காலி. இரண்டாம் இராஜசிங்கன் எல்லாரையும் வெளியேற்றியிருந்தான். வெறும் ஊரை எரித்துவிட்டுப் படை திரும்பியது. திரும்பும் பாதையில் மரங்களை வெட்டிச் சாய்த்து வழியை அடைத்திருந்தார்கள். ஆறு பக்கத்தில் இருந்தும் தண்ணிக்குத் தவிப்பு. சண்டை முடிந்தபோது உயிரோடு பிடிபட்டவர்கள் 33 பேர் என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. டக்டிக்ஸ் கேம் விளையாடும் யாருக்கும் இது உடனே விளங்கும்: கண்டிக்காரர்கள் முன்னால் போய் அடிக்கவில்லை, வரைபடத்தை வைத்து அடித்தார்கள். காடு, ஆறு, ஒடுங்கிய வழி, எதிரியைத் தன் இடத்துக்குள் இழுப்பது. 1594இல் தந்துரையிலும் இதேதான் நடந்தது.

ஆனால் நான் யோசிப்பது லஸ்கரின்களைப் பற்றி. போர்த்துக்கேயருக்காகச் சண்டைக்கு வந்த உள்ளூர்ச் சிப்பாய்கள், வெள்ளைக்காரர்களைவிட எண்ணிக்கையில் மிக அதிகம். அன்றைக்கு அவர்களில் பலர் பக்கம் மாறிப்போனார்கள். ஃபயர் எம்ப்ளத்தில் எதிரிப் படையில் நிற்கும் ஒருவர் பக்கத்தில் சரியான ஆளைக் கொண்டுபோய் 'பேசு' என்று அமத்தினால் அவர் நம்ம பக்கம் வந்துவிடுவார். அது பேரும் முகமும் உள்ளவருக்கு மட்டும். பேரில்லாத சிப்பாய்கள் பேசமாட்டார்கள், சாவார்கள். கன்னொருவயில் பேச்சு நடந்தது பேரில்லாதவர்களோடு. போர்த்துக்கேயர் எழுதிய வரலாற்றில் அவர்கள் துரோகிகள். இராஜசிங்கனைப் புகழும் சிங்கள ஹட்டனப் பாடல்களுக்கு நாயகன் அரசன். லஸ்கரின் தன் கதையை எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

பேசியும் வராதவர்களும் உண்டு. 1803 ஜூனில் கண்டியில் சரணடைந்த மேஜர் டேவியின் பிரித்தானியப் படை வட்டாப்புளுவையில் வெள்ளம் வந்த மகாவலியைக் கடக்க முடியாமல் மாட்டிக்கொண்டது. வெள்ளைச் சிப்பாய்களைக் கொன்றார்கள். பிரித்தானியர் அரசனாக்கக் கொண்டுவந்த முத்துசாமியை அவர்களே ஒப்படைத்தார்கள், அவனையும் கொன்றார்கள். மலாய்ச் சிப்பாய்களிடம் கண்டிப் பக்கம் சேரச் சொன்னார்கள். பலர் சேர்ந்தார்கள். அவர்களின் கப்டன் நூருதீன் மாட்டேன் என்றார், அவரும் செத்தார்.

கேம் போய் பழைய ஃபயர் எம்ப்ளம் கேம்களைத் திறந்து புது வரைபடம், புது ஆட்கள் போடுவதற்கு ரசிகர்களே செய்த இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. கன்னொருவயை ஒரு வரைபடமாகச் செய்யலாமா என்று நானும் அந்த நண்பனும் ஒரு கொப்பியில் கட்டம் போட்டுப் பார்த்தோம். ஆறு சுலபம், காடு சுலபம், சாய்ந்த மரங்கள் சுலபம். அந்தக் கேமில் மூன்று நிறம்தான்: நீலம் நாம், சிவப்பு எதிரி, பச்சை மூன்றாம் ஆள். லஸ்கரின்களைச் சிவப்பில் தொடங்கணும் என்றேன், அவன் பச்சை என்றான். அப்புறம் ஒவ்வொருவருக்கும் பேர் வைக்கணுமா இல்லையா என்பதில் நின்றுவிட்டது. வைத்தால் செத்தவுடன் ரீசெட் பண்ணத் தோணும். கொப்பி இப்போது அவனிடம் இருக்கிறது.