எவரெஸ்ட்டில் ஏறியவர்கள் யார்? சுமந்தவர்கள் யார்?

சேர்வராயன் மலையின் உச்சி 5,326 அடி. அங்கே குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் மே மாதத் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த உச்சிக்கு ஏறுகிறார்கள். அதை யாரும் மலையேற்றம் என்று எழுதுவதில்லை. நம் மக்கள் மலை ஏறினால் அது பிழைப்பு அல்லது நேர்த்திக்கடன். அடுத்தவர்கள் ஏறினால்தான் அது சாதனை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க, இதைவிட ஏறக்குறைய ஐந்தரை மடங்கு உயரமான எவரெஸ்ட்டின் கதையைக் கொஞ்சம் புரட்டுவோம்.

அந்தக் கதை நம் மண்ணில்தான் தொடங்குகிறது. 1802ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலையில் வில்லியம் லாம்டன் நில அளவையைத் தொடங்கினார். பின்னர் 78ஆம் தீர்க்க ரேகையை ஒட்டிக் குமரி முனையிலிருந்து இமயம் வரை அளந்தார்கள். அந்த ரேகை சேலத்துக்குச் சற்று மேற்கே போகிறது. அளக்கும் கருவியின் எடை அரை டன். அதைக் குன்றுக்குக் குன்று தூக்கிச் சென்றவர்கள் கூலிகள். அவர்கள் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.

1852இல் அந்தச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டவர் வங்காளத்தைச் சேர்ந்த ராதாநாத் சிக்தார். சிகரத்துக்கோ 1865இல் ஓய்வுபெற்ற வெள்ளை அதிகாரி எவரெஸ்ட்டின் பெயரை வைத்தார்கள். படித்த பிராமணரான சிக்தாருக்கே இந்த நிலை என்றால், கருவி சுமந்தவனின் நிலையைச் சொல்லவா வேண்டும்?

ஏறத் தொடங்கிய பிறகும் இதே கதைதான். 1922 ஜூன் 7 அன்று பிரிட்டிஷ் குழுவினர் மேலேறும்போது பனிச்சரிவு வந்தது. இறந்த ஏழு பேரும் சுமை தூக்கிய உள்ளூர்த் தொழிலாளிகள். வெள்ளையர் ஒருவர்கூட இறக்கவில்லை. 1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியை அடைந்தார்கள். டென்சிங்குக்கு அது ஏழாவது முயற்சி. சுமைதூக்கியாகத் தொடங்கியவர் அவர். ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஹண்ட்டுக்கும் சர் பட்டம் கிடைத்தது. டென்சிங்குக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறியவர்களுக்குக் கீழே இறங்கியதும் இரண்டு தட்டு!

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத நாள் 2014 மே 25. அன்று காலை மலாவத் பூர்ணாவும் ஆனந்த் குமாரும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். பூர்ணா நிசாமாபாத் மாவட்டத்தின் பழங்குடிச் சிறுமி. பெற்றோர் விவசாயக் கூலிகள். அன்று அவருக்கு வயது 14கூட நிறையவில்லை. ஆனந்த் கம்மம் மாவட்டத்தின் தலித் மாணவர். அப்பா சைக்கிள் பழுது பார்ப்பவர். இருவரும் ஆந்திர அரசின் சமூக நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்கள். அப்பள்ளிகளின் செயலாளராக இருந்த ஆர்.எஸ். பிரவீண்குமாரும் ஒரு தலித் அதிகாரி. முதலில் புவனகிரிப் பாறையில் பயிற்சி. அடுத்து டென்சிங் பயிற்சி இயக்குநராக இருந்த டார்ஜிலிங் மலையேற்ற நிலையம். பிறகு லடாக்கின் குளிர். கடைசியில் தேர்வானவர்கள் இந்த இருவர்.

உச்சியில் தேசியக் கொடியோடு அவர்கள் காட்டியது பாபாசாகேப் அம்பேத்கரின் படமும் எஸ்.ஆர். சங்கரனின் படமும். சங்கரன் தமிழ்நாட்டில் பிறந்து ஆந்திராவில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி. கொத்தடிமை ஒழிப்புக்கும் நம் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளிகளுக்கும் உழைத்தவர். தன் சம்பளத்திலேயே ஏழை மாணவர்களைப் படிக்க வைத்தவர். தமிழ்நாட்டில் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

பதின்மூன்று வயதுக் குழந்தையை அந்த உயரத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். நேபாளம் 16 வயதுக்குக் குறைந்தவர்களை அனுமதிப்பதில்லை என்பதால்தான் திபெத் வழியாகப் போனார்கள். அதே ஏப்ரல் 18 அன்று நேபாளப் பக்கத்தில் பனி சரிந்து 16 நேபாளத் தொழிலாளிகள் இறந்திருந்தார்கள். ஆபத்து இல்லை என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் அதே வயதுப் பழங்குடிப் பெண் திருமணத்துக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பப்படும்போது இந்தக் கேள்வி எழுவதில்லை. குழந்தையின் உயிர்மேல் அக்கறை இருந்தால் அது எல்லா இடத்திலும் இருக்கட்டும்.

"பார், திறமை இருந்தால் யாரும் ஏறலாம், இடஒதுக்கீடு எதற்கு?" என்று பூர்ணாவை வைத்தே நம் வாயை அடைக்கப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். பூர்ணா தனியாக ஏறவில்லை. அரசுப் பணத்தில் மூன்று வேளை உணவு, தங்குமிடம், ஆசிரியர், பயிற்சியாளர், உபகரணம், நம்பிக்கை வைத்த ஓர் அதிகாரி, கூடவே கயிறு கட்டிய ஷெர்பாக்கள். இத்தனையும் சேர்ந்தே ஒரு கூலித் தொழிலாளியின் மகளை மேலே கொண்டுபோயின. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் அப்பா தருகிறார். நம் பிள்ளைக்கு அரசு தர வேண்டும்.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இம்மலையின் சரிவுகளில் மூட்டை சுமப்பவர்கள் மலையாளி மக்களும் தலித் தொழிலாளர்களும்தான். 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் போன்ற உறைவிடப் பள்ளிகளால் ஏற்காட்டின் பெயர் நாடெங்கும் தெரியும். அதே மலையில் அரசின் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. வெளியூர்க்காரர்களுக்கு அவை இருப்பதே தெரியாது. சட்டமன்றத்தில் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. ஆனாலும் இந்தப் பள்ளிகளின் நிலை தேர்தல் பேச்சாக ஆவது அரிது.

இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து மேடு ஏறிப் பழகியவர்கள். அவர்களின் காலுக்கு யாரும் புதிதாக வலு தர வேண்டியதில்லை. விளையாட்டு ஆசிரியர், நல்ல உணவு, சுத்தமான கழிப்பறை, பாறையேற்றப் பயிற்சி, மேல்படிப்புக்கு வழி ஆகியவற்றைத்தான் நாம் கேட்கிறோம். எல்லாரும் எவரெஸ்ட் ஏற வேண்டும் என்பதல்ல. ஏற விரும்பும் பிள்ளையிடம் "உனக்கு மூட்டை தூக்கத்தான் மலை" என்று எவரும் சொல்லக் கூடாது.

ஏற்காடு வரும் தோழர்கள் ஏரியையும் லேடீஸ் சீட்டையும் பார்த்துவிட்டு, ஒருமுறை இந்தப் பள்ளிப் பிள்ளைகளிடமும் பேசுங்கள். பூர்ணா, ஆனந்த் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். சங்கரன் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ஜெய்பீம்!