தோசை ஒட்டாம வர்றதுக்கு யார் உழைச்சாங்க?

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்ன சந்தேகத்தோட ஆரம்பிக்கலாம். நம்ம அடுப்பு மேல இருக்கிறது இரும்பு. ஆனா அதை ‘தோசைக்கல்’னு சொல்றோம். ஏன் கல்?

இதே கதை வேல்ஸ் நாட்டிலும் இருக்கு. அங்கே வெல்ஷ் கேக் சுடுற வார்ப்பிரும்புத் தட்டுக்கு இன்னைக்கும் பேரு ‘பேக்ஸ்டோன்’, அதாவது சுடுகல். முதல்ல கல்லுல சுட்டாங்க, அப்புறம் இரும்பு வந்தது, பேரு மட்டும் அப்படியே தங்கிடுச்சு. நம்ம ஊர்லயும் மாக்கல்லுல செஞ்ச சட்டியும் தோசைக்கல்லும் இப்பவும் விக்கிறாங்க.

கல்லோ, மண்ணோ, இரும்போ, சூடான தட்டுல மாவு வைக்கிற எல்லாருக்கும் ஒரே தலைவலி: ஒட்டிக்கும். ஒவ்வொரு ஊரும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சது. மெக்சிகோவுல சோள ரொட்டி சுடுற மண் தட்டுக்கு ‘கொமால்’னு பேரு. அதுல சுண்ணாம்புத் தண்ணியைப் பூசிக் காயவெச்சா ரொட்டி ஒட்டாது. 1540-களில் வரையப்பட்ட ‘கோடெக்ஸ் மெண்டோசா’ சுவடியில, 13 வயசுப் பொண்ணு சோளம் அரைச்சு சமைக்கக் கத்துக்கிற படம் இருக்கு, பக்கத்துல கொமால். எத்தியோப்பியாவுல இன்ஜெரா ஊத்துற ‘மிடாட்’ தட்டுல எண்ணெய் வித்துப் பொடியைத் தேய்ப்பாங்க. நம்ம பக்கம், சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேஸ்வரரின் ‘மானசோல்லாசம்’ 12-ஆம் நூற்றாண்டிலேயே ‘தோசகா’வைப் பத்திப் பேசுது. ஆக, நான்ஸ்டிக் வர்றதுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே தோசை ஒழுங்கா திரும்பியிருக்கு.

எப்படி? வீட்ல ‘கல்லைப் பழக்கணும்’னு சொல்வாங்களே, அதுக்குள்ள நல்ல கெமிஸ்ட்ரி இருக்கு. எண்ணெயை மெல்லிசா தடவி நல்லா சூடாக்கினா, அதிலிருக்கும் கொழுப்பு அமிலங்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனோட சேர்ந்து, ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு, கெட்டியான பாலிமர் படலமா இரும்புல ஒட்டிக்கும். அந்தக் கறுப்பு மினுமினுப்பு அழுக்கு இல்லீங்க, அதுதான் கோட்டிங். நல்லெண்ணெய்ல இந்தப் படலம் நல்லா வரும். தேங்காயெண்ணெய்ல நிறைவுற்ற கொழுப்பு அதிகம், அதனால சுமாராத்தான் வரும். சப்பாத்தி போட்ட கல்லுல தோசை வராதுங்கிறதும் மூடநம்பிக்கை இல்லை. எண்ணெய் இல்லாம வெறும் சூட்டுல நேரம் போகப் போக இந்தப் படலம் கருகிடும், மாவுத் தூளும் தீஞ்சு ஒட்டிக்கும்.

இப்போ 1938-க்குப் போவோம். ஏப்ரல் 6. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில, டூபான்ட் கம்பெனி ஆய்வகம். ஃப்ரிட்ஜுக்கான வாயுக்களை ஆராய்ஞ்சுக்கிட்டிருந்த ராய் பிளங்கெட் ஒரு சிலிண்டரைத் திறக்கிறார். காஸ் வரலை. ஆனா எடை போட்டுப் பார்த்தா உள்ளே ஏதோ இருக்கு. சிலிண்டரை அறுத்துப் பார்த்தா, வழுவழுன்னு ஒரு வெள்ளைப் பொடி. அதுதான் பின்னாளில் டெஃப்லான். முதல் பெரிய வேலை சமையலறையில இல்லை, அணுகுண்டு தயாரிச்ச மன்ஹாட்டன் திட்டத்துல. அரிக்கிற யுரேனியம் வாயுவைத் தாங்குற சீல்கள் அவங்களுக்குத் தேவைப்பட்டது.

1954-ல பிரெஞ்சு எஞ்சினியர் மார்க் கிரிகோர் இதை அலுமினியத்துல ஒட்டவைக்க வழி கண்டுபிடிச்சார். மீன்பிடி சாமானுக்குப் பூசினவர்கிட்ட, மனைவி கோலெட் ‘என் பாத்திரத்துக்கும் பூசு’ன்னு கேட்டதா கதை. 1956-ல டெஃபால் கம்பெனி. 1960 டிசம்பர்ல நியூயார்க் மேசிஸ் கடைக்கு முதல் நான்ஸ்டிக் பான்கள் வந்தன.

அந்தப் பான் குடுத்த நிம்மதி நிஜம். கல்லைத் தேய்க்கிறது, காயவைக்கிறது, எண்ணெய் தடவுறது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில விழுந்த வேலை. அதைக் கிண்டல் பண்றதுல அர்த்தமே இல்லை. ஆனா அந்த வேலை காணாமப் போகலை. இடம்தான் மாறுச்சு.

மாறின இடம், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கர்ஸ்பர்க் ஊர். அங்கே டெஃப்லான் தயாரிக்க ‘சி8’ங்கிற பி.எஃப்.ஓ.ஏ. ரசாயனத்தைப் பயன்படுத்தினாங்க. இயற்கையில கிட்டத்தட்ட சிதையாத பொருள். 1961-லேயே விலங்குகளோட ஈரலை அது பாதிக்கிறதை கம்பெனியின் சொந்த ஆய்வாளர்களே பார்த்துட்டாங்க. 1984-ல சுத்துவட்டாரக் குடிதண்ணியில அது கலந்திருக்கிறதும் கம்பெனிக்குத் தெரியும். ஊருக்குச் சொல்லலை. மாடுகள் செத்துக்கிட்டே இருந்த ஒரு விவசாயிக்காக ராப் பிலாட்ங்கிற வக்கீல் 1999-ல வழக்கு போட்ட பிறகுதான் கம்பெனி ஆவணங்கள் வெளியே வர ஆரம்பிச்சது. சுமார் 69,000 பேர்கிட்ட ரத்தம் எடுத்து நடந்த ஆய்வு, 2012-ல ஆறு நோய்களோட அதுக்குத் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம்னு சொன்னது. சிறுநீரகப் புற்றுநோயும் அதுல ஒண்ணு. 2017-ல 67.1 கோடி டாலர் இழப்பீடு. 2019-ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியல்ல பி.எஃப்.ஓ.ஏ. சேர்ந்தது.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். இங்கே பெரிய ஆபத்து பான்ல தோசை சாப்பிட்டவங்களுக்கு இல்லை. ஃபேக்டரிக்குள்ள வேலை பார்த்தவங்களுக்கும், பக்கத்துல தண்ணி குடிச்சவங்களுக்கும்தான். ‘பி.எஃப்.ஓ.ஏ. ஃப்ரீ’ ஸ்டிக்கரைப் பார்க்கும்போது, அந்த ரெண்டு வார்த்தை வர்றதுக்கு ஒரு ஊரே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, நாம என்ன வாங்கலாம்? ஏற்கெனவே நான்ஸ்டிக் இருந்தா தூக்கிப் போட வேண்டாம். காலியா அடுப்புல வெச்சுட்டு போன் பார்க்காதீங்க. சுமார் 260 டிகிரி செல்சியஸுக்கு மேல அந்தக் கோட்டிங் சிதைய ஆரம்பிக்கும்.

புதுசா வாங்குறதா இருந்தா கனமான, அடி சமமான இரும்புக் கல். முதல் தடவை மட்டும் சோப்பு போட்டு நல்லா கழுவி, அடுப்புல காயவெச்சு, நல்லெண்ணெயைத் தடவித் துடைச்சு, புகை வர்ற வரைக்கும் சூடாக்குங்க. நாலஞ்சு தடவை இப்படி. ஊத்துறதுக்கு முன்னாடி தண்ணி தெளிங்க. துளி முத்து மாதிரி ஓடினா சூடு அதிகம். மாவு பரவாம கரண்டியோடவே வரும். 1756-ல ஜெர்மனியின் லைடன்ஃப்ராஸ்ட் இதை விளக்கி எழுதினார், அந்தத் துளி தன்னோட ஆவி மேலேயே மிதக்குது. ‘சுர்’னு உடனே அடங்கினா சரியான பதம். அரை வெங்காயத்தால ஒரு தேய், அப்புறம் மாவு.

முதல் நாலு தோசை பிஞ்சுதான் வரும். பரவாயில்லை. இந்தக் கோட்டிங் கெட்டுப்போனா நம்ம வீட்லயே திரும்ப உருவாக்கிக்கலாம், வேற ஊர்க்காரங்க தண்ணியைக் கெடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கண்டிஷன்: அந்த வேலையை வீட்ல ஒருத்தர் தலையில மட்டும் கட்டாம, தோசை சாப்பிடுற எல்லாரும் மாத்தி மாத்திச் செய்யணும்.