இல்லாத துளைகள்

மார்புக்கூட்டின் நடுவே, இரு சுவாசப்பைகளுக்கும் இடையில், சற்றே இடப்புறஞ் சாய்ந்து அமைந்துள்ளது இருதயம். மூடிய கையளவே அதன் பருமன். அரிந்து நோக்கின் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் தோன்றும். கீழறைகள் இரண்டையும் தடித்த தசைச்சுவர் ஒன்று பிரித்து நிற்கின்றது. அச்சுவரின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அதில் துளைகள் உண்டென்று ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் மருத்துவங் கற்றோர் பன்னூறாண்டுகள் நம்பியிருந்தனர்.

அந்நம்பிக்கைக்கு மூலவர் கேலன். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் புகழுடன் விளங்கிய மருத்துவர் அவர். குரங்கு, பன்றி முதலியவற்றை அறுத்துக் கற்றவர். நாடிகளில் ஓடுவது காற்றன்று, இரத்தமே என்று நிறுவியவர். உண்ட உணவு ஈரலில் இரத்தமாகி, நாளங்கள் வழியே உடலெங்குஞ் சென்று செலவழிகின்றது என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின், இருதயத்தின் இடப்பக்கத்துக்கு இரத்தம் எவ்வாறு வந்தது? வலப்பக்கத்திலிருந்து அதற்கு ஒரு வழி வேண்டுமன்றோ? ஆகவே, இடைச்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய துளைகள் உண்டெனக் கொண்டார். கேலன் சொல்லே பிரமாணமென மாணாக்கர் வழிவழியாகப் படித்து வந்தனர்.

முதலில் மறுத்தவர் இப்னு அந்நபீஸ் என்னும் அரபு மருத்துவர். 1242 ஆம் ஆண்டளவில் எழுதிய உரைநூலொன்றில், அச்சுவரில் புலப்படும் துளையுமில்லை, புலப்படாத துளையுமில்லை என்றார். வலப்பக்கத்து இரத்தம் சுவாசப்பைக்குச் சென்று, காற்றுடன் கலந்தே இடப்பக்கத்தை அடையுமென்றும் விளக்கினார். அந்நூலின் பிரதியொன்றைப் பெர்லின் நூலகத்தில் எகிப்திய மருத்துவர் ஒருவர் 1924 இல் கண்டபோதே, இக்கால உலகம் அதன் பெருமையை உணர்ந்தது.

ஐரோப்பாவில் மனித உடலை அறுத்தாராய்ந்து பெருநூல் தந்தவர் வெசேலியஸ். 1543 இல் வெளிவந்த முதற் பதிப்பில், புலப்படாத துளைகளினூடாக இரத்தங் கசியச் செய்த படைப்போன் திறமையை வியப்பதாக மட்டும் எழுதினார். இரத்தம் அச்சுவரைக் கடக்குமாற்றைத் தாம் காணவில்லை என்று அவர் வெளிப்படையாகக் கூறியது 1555 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே. கண்டதைக் கண்டபடி சொல்லப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. கேலனின் பெயருக்கு அத்துணை வலிமை இருந்தது.

1628 இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி இவ்வழக்கைக் கணக்கினால் தீர்த்தார். ஒரு துடிப்பில் அரை அவுன்சு இரத்தமே வெளியேறுவதாகக் கொள்ளினும், அரை மணி நேரத்தில் ஆயிரந் துடிப்புக்கு 500 அவுன்சு ஆகும். உண்ணும் உணவிலிருந்து இத்துணை இரத்தம் ஊறுதல் இயலாது. எனவே, சென்ற இரத்தமே திரும்பி வருகின்றது என்றார். நாடியிலிருந்து நாளத்துக்கு அது செல்லும் வழியை அவர் கண்டாரல்லர், உண்டெனத் துணிந்தார். அவர் மறைந்தபின், 1661 இல் இத்தாலியரான மால்பிகி, தவளையின் சுவாசப்பையில் அந்நுண்குழாய்களை உருப்பெருக்கியினால் கண்டறிந்தார்.

கேலனும் காணாததை உண்டென்றார். ஹார்வியும் காணாததை உண்டென்றார். எனினும், முன்னவர் தம் கொள்கையைக் காக்கத் துளைகளைக் கற்பித்தார். பின்னவரோ அளவையும் சோதனையும் காட்டிய வழியே சென்றார். இருவர் துணிவும் ஒன்றன்று.

அச்சுவரில் உண்மையாகவே துளையுடன் பிறக்கும் குழந்தைகளும் உளர். துளை பெரிதாயின் மூச்சுத் திணறும், வளர்ச்சி குன்றும். 1954 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் லில்லஹை என்னும் அறுவை மருத்துவர் குழந்தைகளின் இருதயத்தைத் திறந்து அத்தகைய துளைகளைத் தைத்து மூடினார். உயிர் வாழ்வதற்கு இன்றியமையாததென்று கேலன் கருதிய துளையை அடைத்தே பல குழந்தைகளின் உயிர் காக்கப்பட்டது.