மைட்டோகாண்ட்ரியாவின் உழைப்பும் உயிரணுவின் தற்காப்பும்

டென்ஹாம் ஹார்மன் என்ற ஆய்வாளர் 1956இல் முதுமைக்குத் தனி உறுப்புகளை (free radicals), அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுகளை, காரணமாகச் சொன்னார். 1972இல் அவற்றின் ஊற்றாக மைட்டோகாண்ட்ரியாவைச் சுட்டினார். அன்று முதல் மைட்டோகாண்ட்ரியா நஞ்சு கக்கும் உலையாகவும், எதிர் ஆக்சிகரணி நொதிகள் அந்த நஞ்சை அள்ளும் துப்புரவாளர்களாகவும் பேசப்பட்டுவந்தன. உலை எவ்வளவு எரிகிறது என்பது காவலுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு இந்தச் சித்திரத்தில் இடமில்லை. அந்த ‘நஞ்சே’ காவலை எழுப்பும் செய்தி என்பது என் வாதம்.

சுவாசச் சங்கிலியில் வழிதவறும் எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பராக்சைடாகிறது. எஸ்ஓடி2 நொதி அதை அங்கேயே ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. இந்நொதி இல்லாத சுண்டெலிகள் பிறந்து 10 நாட்களுக்குள் இறந்ததை 1995இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சூப்பராக்சைடு தீங்கற்றது என்று நான் சொல்லவரவில்லை. பெராக்சைடு வேறு வகை: மின்சுமையற்றது, சவ்வுகளைக் கடக்கவல்லது. செய்தி சுமக்க ஏற்றது.

அந்தச் செய்தி எட்டும் இடங்களில் ஒன்று கீப்1 புரதம். என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை உயிரணு ஓயாமல் தயாரிக்கிறது; கீப்1 அதை ஓயாமல் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. என்ஆர்எஃப்2இன் அரைவாழ்வு ஏறத்தாழ 20 நிமிடம்தான். பார்வைக்கு வீண்செலவு. ஆனால் கீப்1இன் சிஸ்டீன் கந்தகங்கள் ஆக்சிகரணமடைந்ததும் அழிப்பு தடைபடுகிறது. புதிதாய்த் தயாரான என்ஆர்எஃப்2 தேங்கி, உட்கருவுக்குள் நுழைந்து, எதிர் ஆக்சிகரணியான குளூட்டாதயோனின் ஆக்கத்துக்குரிய மரபணுக்களை முடுக்குகிறது. ஆபத்து வந்த பிறகு காவலனைத் தேட வேண்டியதில்லை. பிடியைத் தளர்த்தினால் போதும்.

இதைவிட வலுவான சான்று பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம். மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் ஒழுங்குபடுத்தியாகவே அது முதலில் அறியப்பட்டது. பெராக்சைடு பட்ட உயிரணுக்களில் எஸ்ஓடி2, கேட்டலேஸ் போன்ற நொதிகள் முழுமையாக உயர்வதற்கும் அது தேவை என்று ஸ்பீகல்மன் ஆய்வுக்குழு 2006இல் காட்டியது. உலையைப் பெரிதாக்கும் கையே காவலையும் கூட்டுகிறது. இரண்டையும் தனித்தனியாக ஆராய்ந்துவந்த நம் பழக்கம் இங்கே உடைகிறது.

செய்தியை வழியிலேயே அணைத்தால் என்ன ஆகும்? ரிஸ்டோ ஆய்வுக்குழு 2009இல் 39 இளைஞர்களை 4 வாரம் உடற்பயிற்சி செய்யவைத்தது. ஒரு பகுதியினருக்கு எதிர் ஆக்சிகரணி மாத்திரைகளாக நாளுக்கு 1000 மி.கி. வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் தரப்பட்டன. மாத்திரை இல்லாதவர்களிடம் இன்சுலின் உணர்திறனும் தற்காப்பு நொதிகளின் மரபணு வெளிப்பாடும் உயர்ந்தன. மாத்திரை விழுங்கியவர்களிடம் அந்தப் பலன் மறைந்தது. பின்வந்த சோதனைகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. வைட்டமின் பற்றாக்குறை உள்ளவருக்கு இதைப் பொருத்தவும் கூடாது. ஆயினும் ‘எதிர் ஆக்சிகரணி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது’ என்ற விளம்பர வாக்கை இனியும் ஏற்பதற்கில்லை.

காவல் அடங்கவும் தெரிந்திருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்கள் சிலவற்றில் திடீர்மாற்றத்தால் கீப்1 செயலிழக்கிறது. என்ஆர்எஃப்2 ஓயாமல் இயங்குகிறது. மருந்துக்கு மடிய வேண்டிய புற்றணு அந்தக் கவசத்துக்குள் பிழைத்துக்கொள்கிறது.