தோல் நிணநீர்ப் புற்றுநோயில் நோய்த்தணிப்பு மருத்துவம்

நிணநீர் அணுக்கள் தோலில் கட்டுமீறிப் பெருகுவதால் வருவது தோல் நிணநீர்ப் புற்றுநோய். இதில் பரவலாகக் காணப்படும் வகை மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். பாரிஸ் மருத்துவர் அலிபெர் 1806இல் இதை விவரித்தார். கட்டிகள் காளானைப் போலிருந்ததால் வந்த பெயர் இது. பூஞ்சைக்கும் நோய்க்கும் உறவே இல்லை. தொடக்கத்தில் படை, கரப்பான் போலத் தோன்றுவதால், திசுச் சோதனையில் உறுதியாக ஆண்டுக்கணக்கில் ஆவதுண்டு. முழுக் குணம் அரிது. ஆனால் தொடக்க நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் பல்லாண்டு வாழ்கிறார்கள். ஆகவே வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவத்தைக் கடைசி நாள்களுக்கென ஒதுக்கிவைப்பது இந்நோய்க்குச் சற்றும் பொருந்தாது.

நோயாளியை வாட்டுவதில் முதலிடம் அரிப்புக்குத்தான். காரைக்கால் போன்ற கடலோர டெல்டாவின் புழுக்கமும் வியர்வையும் அதை இன்னும் கூட்டும். வழக்கமான அலர்ஜி மாத்திரைகள் பெரும்பாலும் போதுவதில்லை. நரம்புவலிக்கான கேபாபென்டினும் மனச்சோர்வுக்கான மிர்டாசபினும் பலருக்கு அரிப்பைத் தணித்து உறக்கம் தருகின்றன. நோய் முற்றினால் கட்டிகள் உடைந்து புண்ணாகி நாறும். அந்த நாற்றத்துக்குக் கூசியே நோயாளி வீட்டுக்குள் ஒதுங்கிவிடுவார். புண்ணை உப்புநீரில் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவி, ஒட்டாத துணியால் கட்டினால் நாற்றம் அடங்கும். முற்றிய நிலையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தோல் வழியே இரத்தத்தில் கலக்கும் கிருமிதான் என்பதால், புண் பராமரிப்பு வெறும் ஆறுதல் வேலை அல்ல.

அரிதான இந்நோய்க்குக் காரைக்கால் மாவட்டத்து நெடுங்காடு கொம்யூனின் குரும்பகரம் போன்ற ஊரில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். நோய்தான் அரிது; அரிப்பு, புண், வலி, தூக்கமின்மை எல்லாம் எங்கும் உள்ளவை. நோயைக் கண்டறியவும் கதிர்வீச்சுக்கும் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளியுள்ள புதுச்சேரி ஜிப்மருக்குப் போகத்தான் வேண்டும். கட்டு மாற்றுவதற்கு அவ்வளவு தூரம் எதற்கு? சர்க்கரை நோயாளியின் கால்புண்ணைக் கவனிக்கும் செவிலியரே இதையும் செய்யலாம். தணிப்பு மருத்துவம் என்றாலே நோயாளி நம்பிக்கை இழந்துவிடுவார் என்ற அச்சமும் உண்டு. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே தணிப்பு மருத்துவத்தைப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள். அது வேறு புற்றுநோய்தான். ஆனாலும் அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை அது காட்டுகிறது. மார்ஃபின் பழக்கமாகிவிடும் என்பார்கள். மருத்துவர் அளவறிந்து தரும்போது அது அரிது. மார்ஃபின் கிடைப்பதைக் கடினமாக்கிய 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியும் 2014 திருத்தத்தில் தளர்ந்தது.

கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய தணிப்பு மருத்துவ இயக்கம், ஊர்த் தொண்டர்களைக் கொண்டே வீடுதேடிச் சென்று பராமரிக்க முடியும் என்று காட்டியது. தமிழ்நாட்டில் 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இச்சேவை உண்டு. அது எல்லை தாண்டிக் காரைக்காலுக்கு வராது. இங்கே அந்தப் பொறுப்பு புதுச்சேரி அரசின் நலவழித் துறையுடையது.