பழுதுகளைச் சேர்த்து வைத்த பெட்டி

கிற்றார் வாசிக்கிற ஆக்களிடம் மல்டி-எஃபெக்ட் பெட்டியைப் பற்றிக் கதைச்சால் ரெண்டு வகையான பதில் வரும். "உது விளையாட்டுச் சாமான், உண்மையான சவுண்ட் அம்ப்பிலதான்" எண்டு ஒரு பகுதி சொல்லும். "நூறு சவுண்ட் இருக்கு, ஒண்டும் சரிவருதில்லை" எண்டு மற்றப் பகுதி புலம்பும். ரெண்டு பகுதிக்கும் பதில் அந்தப் பெட்டியின் வரலாற்றில் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அதற்குள் இருக்கிற முக்கியமான சத்தங்கள் பல, ஒரு காலத்தில் யாரோ ஒருவரின் பழுதுகள்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்திலிருந்து தொடங்கலாம். மார்ட்டி றொபின்ஸ் என்ற பாடகரின் 'டோன்ட் வொறி' பாட்டு 1961இல் வெளிவந்தது. அதன் பதிவின்போது கிறேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிற்றார், மிக்ஸிங் மேசையின் பழுதான ஒரு சனலுக்குள்ளால் போனது. வெளியே வந்தது கரகரவென்று கிழிந்த சத்தம். எடுத்தெறிய வேண்டியதை அப்படியே விட்டார்கள். பாட்டு ஹிற். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடி அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் டிரான்சிஸ்டர் சுற்றொன்றைச் செய்ய, கிப்சன் நிறுவனம் அதை வாங்கி 1962இல் 'மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெடலாகக் கடைக்குக் கொண்டுவந்தது. முதலில் பெரிதாக விற்கவில்லை. 1965இல் றோலிங் ஸ்டோன்ஸின் 'சற்றிஸ்ஃபக்ஷன்' வந்த பிறகுதான் எல்லாருக்கும் அது தேவைப்பட்டது.

இடையில் 1964இல், லண்டனில் 'த கிங்க்ஸ்' குழுவின் டேவ் டேவிஸ் தன்னுடைய சின்ன அம்ப்பின் ஸ்பீக்கர் கடதாசியை பிளேட்டால் கிழித்துவிட்டார். வசதியான ஆளின் வேலை இல்லை அது. நல்ல சாமான் வாங்கக் காசில்லாத பெடியன், கையில் இருக்கிறதைக் கெடுத்துப் பார்த்த கதை.

எதிரொலிக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. சத்தத்தை ஒரு காந்த நாடாவில் பதிந்து, கொஞ்சம் தள்ளியிருக்கிற இன்னொரு தலையால் வாசித்தால் அது பிந்தி வரும். றோலண்ட் நிறுவனம் 1974இல் விட்ட 'ஸ்பேஸ் எக்கோ' ஆர்.இ.-201 இப்படித்தான் வேலை செய்தது. நாடா தேயும், மோட்டர் ஒரே வேகத்தில் ஓடாது, அதனால் சுருதி லேசாக ஆடும். செய்தவர்கள் அதைக் குறைக்கப் பாடுபட்டார்கள். கேட்டவர்களுக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போனது.

1970களின் கடைசியில் பெடல்கள் சின்னதாகி, ஒவ்வொரு எஃபெக்டும் ஒவ்வொரு பெட்டியாகக் காலடியில் வரிசையாக நின்றன. பெடலுக்கு ஒரு பற்றரி, ரெண்டு வயர். ஒரு வயர் போனால் முழு வரிசையும் ஊமை. 1980களில் மெமறி சிப் மலிவாகத் தொடங்க, போஸ் நிறுவனம் ராக்கில் பூட்டுகிற பெரிய கருவியொன்றின் டிஜிற்றல் சிப்பை எடுத்து, கால் அளவுப் பெட்டிக்குள் வைத்து டி.டி.-2 என்று விற்றது. 800 மில்லிசெக்கன் வரை டிலே. நாடாவும் இல்லை, மோட்டரும் இல்லை. 1988இல் அதே நிறுவனத்தின் எம்.இ.-5 வந்தது: டிஸ்டோர்ஷன், கோரஸ், டிலே, றிவேர்ப் எல்லாம் ஒரே பெட்டிக்குள், ஒரே மிதியில் மாறும்.

எங்கட பக்கத்தை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்ட காலம். ஜெனரேற்றர் இல்லாமல் இப்படியொரு பெட்டியைத் திறந்துகூடப் பார்க்க முடியாது.

டிலேயை எண்களாக்குவது லேசு. கரகரப்பை எண்களாக்குவது கஷ்டம். ஒலியலையின் உச்சியைத் தட்டையாக வெட்டினால் புதிய மேல்சுரங்கள் பிறக்கும், அதுதான் டிஸ்டோர்ஷன். செக்கனுக்கு 44,100 தடவை அளக்கிற கருவியால் 22,050 ஹேர்ட்ஸ் வரைக்கும்தான் பிடிக்க முடியும். அதற்கு மேலே பிறக்கிற சுரங்கள் காணாமல் போவதில்லை, மடிந்து கீழே வந்து, வாசித்த சுரத்தோடு சம்பந்தமில்லாத இடங்களில் விழும். காதுக்கு அது தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி இருக்கும். இதனால்தான் அந்தக் காலத்துப் பெட்டிகள் பல டிஸ்டோர்ஷனை மட்டும் பழைய அனலொக் சுற்றிலேயே வைத்திருந்தன. "டிஜிற்றல் சவுண்ட் சரியில்லை" என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. ஆனால் அது அந்தக் காலத்துக்கான பேச்சு. 1995இல் றோலண்டின் வி.ஜி.-8, 1998இல் அவரைக்கொட்டை வடிவத்தில் சிவப்பாக வந்த லைன் 6இன் 'பொட்' எல்லாம் வேறு வழியில் போயின. வெறும் கரகரப்பைச் சேர்க்காமல், அம்ப்பின் வால்வும் ஸ்பீக்கரும் எப்படி நடந்துகொள்ளும் என்பதையே கணக்காக்கின.

புதுசாகப் பெட்டி வாங்கின கனபேர் தடுக்கி விழுகிற இடம் இந்த ஸ்பீக்கர் கணக்குத்தான். கிற்றார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றையும் வெளியே விடாது. அந்தக் குறைபாடு இல்லாவிட்டால் டிஸ்டோர்ஷன் குளவிக்கூடு மாதிரி இரையும். பெட்டியை நேரே பி.ஏ. சிஸ்டத்துக்கோ ஹெட்போனுக்கோ கொடுத்தால் 'கபினெற் சிமுலேஷன்' ஓனில் இருக்க வேண்டும். கிற்றார் அம்ப்புக்குள் கொடுத்தால் ஓஃப் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் ரெண்டு தரம் வடிகட்டி, போர்வைக்குள்ளால் வாசிக்கிற மாதிரிக் கேட்கும். "சவுண்ட் சரிவருதில்லை" என்கிற முறைப்பாட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒரு செற்றிங். வீட்டில் மெதுவாக வைத்துச் செய்த பச், மேடையில் அடியும் கூர்மையும் மிஞ்சிக் கேட்கும், ஏனெண்டால் சத்தம் கூடும்போது எங்கட காது அந்த ரெண்டையும் கூடுதலாகப் பிடிக்கும். மேடை பச்சை மேடைச் சத்தத்திலேயே செய்யுங்கள்.

பிந்தி வருகிறது என்ற முறைப்பாடும் உண்டு. செக்கனுக்கு 48,000 என்ற அளவில் 64 மாதிரிகளைச் சேர்த்துக் கணக்குப் பார்க்க 1.3 மில்லிசெக்கன் போகும். உள்ளே போக, வெளியே வர என்று இன்னும் கொஞ்சம் சேரும். மூன்று மீற்றர் தள்ளி நிற்கிற ஸ்பீக்கரிலிருந்து சத்தம் காதுக்கு வரவே 9 மில்லிசெக்கன் எடுக்கும். விரல் பிந்தினதை பெட்டியில் போடுகிற பழக்கமும் எங்களிடம் இருக்கத்தான் செய்கிறது.

உண்மையான பழுதைத் தேட, சங்கிலியைப் பாதி பாதியாக வெட்டிப் பார்க்கிறது நல்ல முறை. இரைச்சல் வந்தால் கிற்றாரின் வொலியூமைப் பூச்சியமாக்குங்கள். நின்றால் கிற்றாரில் இருந்து வருகிறது. திரும்பி நிற்கும்போது இரைச்சல் மாறினால் பிக்கப் வெளியிலிருந்து இழுக்கிறது. வொலியூமைக் குறைத்தும் நிற்காவிட்டால் வயர், அடப்ரர், அம்ப் பக்கம் போக வேண்டும். கொம்பியூட்டரில் யூ.எஸ்.பி. குத்தினவுடன் இரைந்தால் லப்ரொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஏர்த் சுற்றாக இருக்கும். பிளக்கின் ஏர்த் பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம், உயிர் போகிற விஷயம்.

அடப்ரரில் '9 வோல்ட்' என்று இருந்தால் போதாது. போஸ் பெட்டிகள் நடுவில் மைனஸ் கேட்கும், வீட்டில் கிடக்கிற ரவுட்டர் அடப்ரர் அநேகமாக நடுவில் பிளஸ். பழைய பொட்டுக்கு டி.சி.யே இல்லை, 9 வோல்ட் ஏ.சி. வேண்டும். செக்கண்ட்-ஹாண்ட் வாங்குகிற ஆக்கள் பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது. பழைய பெட்டிகள் பலவற்றுள் பச்களைக் காப்பாற்ற ஒரு சின்ன லிதியம் பற்றரி இருக்கும். அது செத்தால் ஓஃப் பண்ணும்போதெல்லாம் பச் அழியும். பெட்டி பழுதில்லை, பற்றரிதான். ஆனால் முந்தின ஆள் கடதாசியில் எழுதி வைக்காத சவுண்ட் திரும்பி வராது.

இப்போதைய பெட்டிகளில் நாடா எக்கோ பச்சைத் திறந்தால் 'வவ்', 'ஃபுளட்டர்' என்று ரெண்டு குமிழ்கள் இருக்கும். ஆர்.இ.-201இன் மோட்டர் ஆடின ஆட்டம் அதற்குள்தான் இருக்கிறது. டிலே வைத்தால் சுருதி ஆடுகிறது என்று திருத்துகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடமுன், அந்த ரெண்டையும் பூச்சியத்துக்கு இறக்கி ஒருக்கால் வாசித்துப் பாருங்கள்.