மாட்டு வண்டியில் வந்த தண்ணீர்

ஊர்ப் பெயர்களுக்குள்ளே சில சமயம் ஒரு தொழிலின் வரலாறு அடங்கிக் கிடக்கும். சிங்கப்பூரில் சீனர் பேட்டையின் ஒரு பகுதிக்கு மலாய் மொழியில் ‘கிரேத்தா ஆயர்’ என்று பெயர். கிரேத்தா என்றால் வண்டி. ஆயர் என்றால் தண்ணீர். சீனர்களும் தங்கள் மொழியில் அந்த இடத்தை ‘மாட்டு வண்டித் தண்ணீர்’ என்றே அழைத்து வருகிறார்கள். ஆன் சியாங் குன்றுக் கிணற்றிலும் ஸ்பிரிங் தெருக் கிணற்றிலும் இறைத்த தண்ணீரை மாட்டு வண்டிகளில் ஏற்றி, வீதி வீதியாகக் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தின் நினைவு அது. வண்டிகள் மறைந்துவிட்டன, பெயர் நிற்கிறது. அந்த வண்டிக்குப் பதிலாகக் குழாயும் பம்பும் எப்படி வந்தன என்பதை இன்று பார்ப்போம்.

தண்ணீர் சுமப்பது எத்தகைய வேலை என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்தவர்களுக்கு எடையின் கணக்கு தோளிலேயே எழுதியிருக்கிறது. நான்கு காலன் மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் ஏறக்குறைய 18 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் எடை 18 கிலோ. ஆறு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு ஒரு தகரம் செலவிட்டால், நாள் ஒன்றுக்கு 108 கிலோ எடையை யாரோ ஒருவர் சுமந்தாக வேண்டும். மாதக் கணக்கில் அது மூன்று டன்னைத் தாண்டும். பெரும்பாலும் அந்த ‘யாரோ ஒருவர்’ வீட்டுப் பெண்ணாகவோ பள்ளி செல்ல வேண்டிய பிள்ளையாகவோ இருந்தார் என்பதையும் நாம் அறிவோம்.

சிங்கப்பூரில் இந்தச் சுமை மாடுகளின் கழுத்தில் ஏறியது. அந்நாளில் மாடு வளர்த்தலும் மாட்டு வண்டி ஓட்டுதலும் இந்தியர் பலருடைய பிழைப்பு. இன்று லிட்டில் இந்தியா என்று சொல்லப்படும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் புல்லும் நீரும் இருந்ததால் கால்நடைகள் பெருகின. அங்குள்ள பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை ஆகிய இரண்டு பெயர்களுமே எருமையைக் குறிப்பவை. கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைப் பட்டி. அதே வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தமையால், நம்மவர்கள் அதற்குச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று பெயரிட்டார்கள்.

கிணற்று நீரில் உழைப்பு மட்டுமன்றி ஆபத்தும் கலந்திருந்தது. மக்கள் நெருங்கி வாழும் நகரில் கழிவு நிலத்தில் ஊறிக் கிணற்றைச் சேரும். 1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்தார். பிராட் தெருவிலிருந்த ஒரு கைப்பம்பின் நீரைக் குடித்தவர்களே பெரும்பாலும் மாண்டனர் என்று கண்டார். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிவிடச் செய்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1884இல், ராபர்ட் கோஹ் என்ற ஜெர்மானிய அறிஞர் நமது கல்கத்தாவில் ஆராய்ந்து, அந்நோயின் கிருமியை உறுதிப்படுத்தினார். தூய நீர் என்பது வசதியன்று, உயிர் காக்கும் பொருள் என்ற அறிவு இவ்வாறு மெல்ல மெல்ல வேரூன்றியது.

சிங்கப்பூரில் இந்தத் தேவையை உணர்ந்தவர்களில் ஒருவர் மலாக்காவில் பிறந்த வணிகர் தான் கிம் செங். நகருக்கு நல்ல தண்ணீர் கொண்டுவருவதற்கென்று 1857இல் அவர் 13,000 டாலர் நன்கொடை அளித்தார். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆனால் அந்தப் பணம் முறையாகப் பயன்படாமல் கரைந்துபோயிற்று. 1864இல் அவர் காலமானபோது அவர் விரும்பிய தண்ணீர் நகருக்கு வந்து சேரவில்லை. பின்னர் 1882இல் அவர் நினைவாக ஓர் அலங்கார நீரூற்றை நிறுவினார்கள். அது பிறகு இடம் மாறி இன்றும் எஸ்பிளனேடு பூங்காவில் நிற்கிறது.

தாம்சன் சாலைக்கு அருகே நீர்த்தேக்கம் கட்டும் வேலை 1868இல் முடிந்தது. காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் மழைநீர் தேங்கி நின்றது. அத்துடன் நகரின் தாகம் தீர்ந்திருக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. நீரை ஏற்றும் பம்புகளும் அதைப் பிரித்தனுப்பும் அமைப்பும் 1877இல்தான் தயாராயின. ஏறக்குறைய பத்து ஆண்டுகள், ஏரி ஒருபுறமும் தாகம் ஒருபுறமுமாக இருந்தன. நீர் இருந்தும், அதை வீட்டு வாசலுக்கு அனுப்பும் விசை இல்லாத காரணத்தால், கிணறும் வண்டியும் தோளுமே தொடர்ந்து வேலை செய்தன. இந்த வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத இடம் இதுதான்.

பம்பு செய்யும் வேலை என்ன? தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறாது, பள்ளத்துக்கு ஓடும். ஆகவே எந்திரத்தால் அதை ஒருமுறை குன்றின் உச்சிக்குத் தள்ளி, அங்கே தொட்டியில் சேமித்துவிட்டால், பிறகு அது தன் எடையாலேயே குழாய் வழியே இறங்கி வீடுகளுக்குப் போய்ச் சேரும். இதற்காக மவுண்ட் எமிலி குன்றின்மீது 1878இல் தொட்டிகள் அமைந்தன. தேக்காச் சந்தையிலிருந்து நடந்துபோகும் தொலைவிலுள்ள குன்று அது. வேறிடத்தில் பெரிய தொட்டி வந்தபின், மவுண்ட் எமிலித் தொட்டி 1931இல் பொதுமக்களுக்கான நீச்சல் குளமாக மாறியது. குடிநீர் நிறைந்திருந்த இடத்தில் பிள்ளைகள் நீந்தி விளையாடினார்கள்.

நகரசபைப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் மெக்ரிட்சி, 1890களின் தொடக்கத்தில் தாம்சன் சாலை நீர்த்தேக்கத்தைப் பெரிதாக்கினார். 1922இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தீவின் நீர் போதாமற்போகவே, 1927இல் ஜோகூர் சுல்தானுடன் ஒப்பந்தம் செய்து, கூனோங் பூலாய் மலையிலிருந்து நீர் கொண்டுவர வழி செய்தார்கள்.

குழாய் எத்தனை முக்கியமானது என்பதைப் போர் காட்டியது. 1942 ஜனவரி 31ஆம் நாள், பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜோகூர்ப் பாலத்தைத் தகர்த்தபோது நீர்க் குழாயும் அறுந்தது. குண்டுவீச்சில் நகரக் குழாய்கள் உடைந்து, தண்ணீர் வீணாக வழிந்தோடியது. பிப்ரவரி 15ஆம் நாள் படை சரணடைந்ததற்குத் தண்ணீர் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம். பிறகு கடும் வறட்சியால் 1963 ஏப்ரல் முதல் 1964 பிப்ரவரி வரை தண்ணீர்ப் பங்கீடு நடந்தது. அந்த நாட்களில் மக்கள் மீண்டும் வாளியும் தகரமுமாக நின்றார்கள். இன்று அந்நகரம் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தியும், கடல்நீரின் உப்பை நீக்கியும், 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூரிலிருந்து பெற்றும் தன் தேவையை நிறைவு செய்கிறது. அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும்.

முற்காலத்தில் கட்டடம் கட்டி வைத்த பம்பு, இன்று உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. வேனில் பயணம் போய் வெளியிடத்தில் தங்குவோர், 20 லிட்டர் கலம் ஒன்று, 12 வோல்ட் மின்கலம், சிறு மோட்டார் பம்பு, ஒரு குழாய் ஆகியவற்றை இணைத்துத் தண்ணீர் பெறுகிறார்கள். மோட்டார் சுழலும்போது உள்ளேயுள்ள நெகிழும் சவ்வு மேலும் கீழும் அசைந்து நீரை இழுத்துத் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து பம்பு ஓடும். மூடினால் அழுத்தம் ஏறித் தானே நின்றுவிடும். அமைப்போர் மூன்று விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும். குடிநீருக்கென்றே செய்த கலமாக இருக்க வேண்டும். எண்ணெய், மருந்து இருந்த கலம் ஆகாது. மின்கலத்துக்கு அருகே ஃபியூஸ் வைக்க வேண்டும். எந்தப் பம்பாலும் பத்து மீட்டருக்குக் கீழேயுள்ள நீரை மேலிருந்து உறிஞ்ச முடியாது. ஏனெனில் நீரை மேலே தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தமே. ஆழக் கிணறாயின் பம்பை நீருக்குள் இறக்கித்தான் மேலே தள்ள வேண்டும்.

நேயர்களே, ஏரி இருப்பதாலேயே தண்ணீர் கிடைத்துவிடாது என்பதை அந்தப் பத்து ஆண்டுகள் நமக்குச் சொல்கின்றன. தோட்டத்து லயமானாலும் நகரத்து வீதியானாலும், “தண்ணீர் இருக்கிறதா?” என்று கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. “அதை வாசல்வரை கொண்டுவருவது எது? எந்திரமா, நம் பெண்களின் தோளா?” என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். கொடையாளிக்கு நீரூற்று இருக்கிறது. பொறியாளரின் பெயரில் நீர்த்தேக்கம் இருக்கிறது. வண்டி ஓட்டியவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. ‘கிரேத்தா ஆயர்’ என்ற இரண்டு சொற்களே அவர்களுக்கு எஞ்சிய நினைவுச் சின்னம். அந்தப் பெயரைப் பிள்ளைகள் பாடத்தில் படிக்கும்போது, அதன் பொருளை நாம் எடுத்துச் சொல்வோமாக.